புதுப்பிப்பும் பயனர் உரிமையும்

மாணவர் ஒருவர் கணினியிலோ திறன்பேசியிலோ நாள்தோறும் மிகுதியாகத் திறக்கும் செயலி எது என்று கேட்டால், அது பெரும்பாலும் இணைய உலாவியாகவே இருக்கும். டெலிமா கற்றல் தளத்திற்குள் நுழைவதும், பாடக் குறிப்புகளைத் தேடுவதும், செய்து முடித்த இடுபணியை ஆசிரியருக்கு அனுப்புவதும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. மின்கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கும், காலையில் இணைய நாளிதழ் வாசிக்கும் தாத்தாவுக்கும் உலாவியே வாசல். இன்றைய வாழ்க்கையில் வீட்டு வாசலுக்கு அடுத்தபடியாக மனிதர் அதிகம் கடந்து செல்லும் வாசல் அதுதான் என்றால் மிகையாகாது.

அந்த வாசலில் அடிக்கடி சில தொல்லைகள் ஏற்படுகின்றன. இடுபணியை அனுப்ப இன்னும் பத்து நிமிடமே இருக்கும்போது, கணினி தானாகவே மறுதொடக்கம் செய்யத் தொடங்குகிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, சேமிக்காத பத்திகள் காணாமல் போகின்றன. நேற்று வரை வலப்பக்கத்தில் இருந்த பொத்தான் இன்று இடப்பக்கத்திற்குச் சென்றுவிடுகிறது. பயனர் தேர்ந்தெடுத்திருந்த தேடுபொறி மாறிவிடுகிறது. கேட்காமலேயே ஒரு புதிய பட்டை திரையின் ஓரத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. ‘இப்போதே புதுப்பிக்கவும்’, ‘பிறகு நினைவூட்டவும்’ என்னும் இரண்டு தெரிவுகள் மட்டும் தோன்றுகின்றன. ‘வேண்டாம்’ என்னும் மூன்றாவது தெரிவு எங்கும் தென்படுவதில்லை.

இவை சிறு தொல்லைகள்தாம் என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில், இவை ஒரு பெரிய தீங்குக்கு வழிவகுக்கின்றன. எரிச்சலடைந்த பயனர் புதுப்பிப்பை வாரக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். சிலர் அதை முற்றாக நிறுத்திவிடுகின்றனர். அதனால் அவர்களுடைய கணினி, பூட்டு உடைந்த வீட்டைப்போல் திறந்து கிடக்கிறது. ஆகவே, புதுப்பிப்பு வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதில் பயனில்லை. அது கட்டாயம் வேண்டும். ஆனால், பாதுகாப்புக்கான திருத்தத்தையும் தோற்றத்தை மாற்றும் திருத்தத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் பயனரின் கையில் திணிப்பது சரியா என்பதே சிந்திக்க வேண்டிய வினா.

முதலில், புதுப்பிப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். முதல் இணைய உலாவியை 1990ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் உருவாக்கினார். அக்காலத்தில் இணையப் பக்கம் என்பது பெரும்பாலும் வாசிப்பதற்குரிய எழுத்துகளே. மென்பொருள்கள் வட்டுகளில் விற்கப்பட்டன. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகளுக்கு அவை அப்படியே இருந்தன. இன்றைய நிலை வேறு. இப்போது ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால், எழுத்துகளோடும் படங்களோடும் சிறு நிரல்களும் சேர்ந்து வந்து, பயனரின் கணினியிலேயே இயங்குகின்றன. முன்பின் அறியாதவர் எழுதிய நிரலை நாள்தோறும் பலமுறை வீட்டுக்குள் அனுமதிக்கும் வாயிற்காவலராக உலாவி மாறிவிட்டது. அந்தக் காவலர் சற்றே கண்ணயர்ந்தாலும் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் களவு போகலாம்.

இதனால்தான் உலாவிகள் புதுப்பிக்கப்படும் வேகமும் கூடிக்கொண்டே வந்துள்ளது. குரோம் உலாவி 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது 2010 முதல் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிட்டது. 2021இல் அந்த இடைவெளி நான்கு வாரமாகக் குறைந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2011இல் விரைவுப் பதிப்பு முறைக்கு மாறி, 2020இல் நான்கு வார இடைவெளியை மேற்கொண்டது. பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரியவந்தால், அடுத்த பதிப்புக்குக் காத்திராமல் இடையிலேயே திருத்தம் வெளியிடப்படுகிறது. இதில் மற்றொரு செய்தியும் உண்டு. திருத்தம் வெளிவந்ததும், தீய எண்ணம் கொண்டவர்கள் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டு, ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட முடியும். எனவே, திருத்தம் வெளியான பிறகும் புதுப்பிக்காமல் இருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

காலந்தாழ்த்துவதால் விளையும் கேட்டுக்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும். அவ்வாண்டு மே 12ஆம் நாள், ‘வானாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல தடுமாறிப்போயின. 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் கைவிடப்பட்டதாகப் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம் இருந்தும், பலர் அதை நிறுவவில்லை. வேறு சிலர் பாதுகாப்பு ஆதரவு முடிந்துபோன பழைய இயங்குதளத்தையே பயன்படுத்தி வந்தனர். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது கணினிக்கும் பொருந்தும்.

புதுப்பிப்பால் தமிழ்மொழி அடைந்த நன்மையையும் மறக்கலாகாது. 1990களில் தமிழ் இணையப் பக்கங்களை வாசிப்பது எளிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துருவைக் கணினியில் நிறுவாவிட்டால், உலாவியில் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தெரிந்தன. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் கணினியில் தமிழ் எழுத வழிசெய்தன. எனினும், எல்லாக் கணினிகளும் தமிழைப் புரிந்துகொள்ள ஒரு பொதுக் குறியீட்டு முறை தேவைப்பட்டது. 1991இல் வெளிவந்த யூனிகோட் முறையில் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும், இயங்குதளங்களும் உலாவிகளும் அந்த முறையை ஏற்ற பின்னரே அதன் பயன் மக்களைச் சென்றடைந்தது. தொடக்கக்காலத் திறன்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தோன்றின. பதிப்புகள் மாற மாற அந்தக் கட்டங்கள் மறைந்தன. இன்று ஒரு மாணவர் எந்த எழுத்துருவையும் தேடி நிறுவாமல் தமிழில் வாசிக்கிறார் என்றால், அடுத்தடுத்து வந்த புதுப்பிப்புகளும் அதற்குக் காரணமாகும்.

இவ்வளவு நன்மை இருந்தும் மக்கள் புதுப்பிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது ஏன்? அதற்கு முதற்காரணம், பயனரின் இசைவு மதிக்கப்படாமை. 2016ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பழைய இயங்குதளங்களைப் பயன்படுத்தியவர்களை விண்டோஸ் 10க்கு மாற்ற முனைந்தது. அதற்கான அறிவிப்புப் பெட்டி திரையில் தோன்றியபோது, பலர் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி அதனை மூடினர். பெட்டியை மூடுவது ‘வேண்டாம்’ என்று சொல்வதாகும் என்பதே பல்லாண்டுப் பழக்கம். ஆனால், அந்தப் பெட்டியை மூடியதால் திட்டமிட்ட மாற்றம் நிற்கவில்லை. குறித்த நேரத்தில் அது நடந்தேறியது. அந்த அணுகுமுறை எல்லை மீறிவிட்டதை அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டார். கொடுத்த பொருள் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும், கதவைச் சாத்தியவரின் வீட்டுக்குள் சன்னல் வழியாக அதை வைத்துவிட்டுப் போவது முறையன்று.

இரண்டாவது காரணம், பழகிய இடம் மாறிப்போவது. இளையோருக்குப் புதிய தோற்றம் ஒரு வேடிக்கையாக இருக்கலாம். முதியவர்களின் நிலை அப்படியில்லை. எழுபது வயதில் திறன்பேசி கற்ற ஒருவர், ஒவ்வொரு பொத்தானின் பெயரையும் படித்து அதனை அழுத்துவதில்லை. ‘மேலே மூன்றாவது’, ‘கீழே நீல நிறம்’ என்று இடத்தையும் நிறத்தையும் மனத்தில் பதித்து வைத்திருக்கிறார். பார்வைக் குறையுடையோர் பலரும் அவ்வாறே இடத்தை நினைவில் கொண்டு இயங்குகின்றனர். ஒரே இரவில் எல்லாம் இடம் மாறினால், அவர்கள் கற்றதை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. அடுக்களையில் உப்பும் மிளகாய்த்தூளும் இருந்த இடத்தை யாரோ இரவோடு இரவாக மாற்றி வைத்தால், சமைப்பவருக்கு எப்படி இருக்கும்? பூட்டைச் சரிசெய்ய வந்தவர் அடுக்களையையும் மாற்றிவிட்டுப் போனால், அடுத்த முறை அவருக்குக் கதவைத் திறக்க யாருக்கும் மனம் வராது.

மூன்றாவது காரணம், பழைய கருவிகளின் கதி. சில பழைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. தேய்ந்துபோன மின்கலத்தால் கருவி திடீரென நின்றுவிடாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கமளித்தது. காரணம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால், அதனைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. மின்கலத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதை அறியாமல் புதிய திறன்பேசியே வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். தெரிவிக்காமல் விட்ட அந்தக் குற்றத்திற்காகவே பிரான்ஸ் நாட்டில் 2020இல் அந்நிறுவனத்திற்கு 2 கோடியே 50 இலட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. அதேபோல், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அடுத்த பதிப்புக்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள், நன்றாக இயங்கினாலும் அதற்கு மாற முடிவதில்லை. வசதியுள்ள குடும்பம் புதிய கணினி வாங்கிவிடும். மூன்று பிள்ளைகள் ஒரே கணினியைப் பகிர்ந்து படிக்கும் குடும்பம் என்ன செய்யும்?

இவற்றுக்கெல்லாம் மேலாக, புதுப்பிப்பே பழுதாகிப் போவதும் உண்டு. 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. கோலாலம்பூர் விமான நிலையத்திலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய நேர்ந்தது. நீண்ட வரிசைகளில் பயணிகள் கால்கடுக்க நின்றனர். காவல் காக்க வந்த மென்பொருளே கணினியை வீழ்த்தியதால், வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. அதன்பின், புதுப்பிப்பை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் படிப்படியாக அனுப்பவும், எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளருக்குக் கூடுதல் உரிமை வழங்கவும் போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தால் அந்த வரிசைகள் இவ்வளவு நீண்டிருக்க மாட்டா.

மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைக்கின்றன. பயனரிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் பலர் என்றுமே புதுப்பிக்க மாட்டார்கள் என்பது அவற்றின் வாதம். பல பழைய பதிப்புகளை ஒரே நேரத்தில் பராமரிப்பது செலவுமிக்கது என்றும், பராமரிக்க வேண்டிய பதிப்புகள் பெருகினால் தவறுகளும் பெருகும் என்றும் அவை கூறுகின்றன. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. வானாகிரை நிகழ்ச்சியே அதற்குச் சான்று. பாதுகாப்புத் திருத்தத்தைத் தானியங்கியாக நிறுவுவதை எதிர்ப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால், இவ்வாதம் பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டுமே பொருந்தும். பொத்தானின் இடத்தை மாற்றுவதற்கும், தேடுபொறியை மாற்றுவதற்கும், விளம்பரப் பட்டையைச் சேர்ப்பதற்கும் அதே அவசரம் ஏன்? இரண்டையும் பிரிக்கவே முடியாது என்று சொல்வதற்கும் இடமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2012 முதல் ‘நீண்டகால ஆதரவுப் பதிப்பு’ ஒன்றை வெளியிட்டு வருகிறது. கல்விக்கூடங்கள், அலுவலகங்கள் போன்ற அமைப்புகளை மனத்தில் கொண்டு உருவான அப்பதிப்பில், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியப் பிழைநீக்கங்களும் மட்டுமே வருகின்றன. தோற்றமும் வசதிகளும் மாறுவதில்லை. குரோம் உலாவியும் நிறுவனங்களுக்கு எட்டு வார இடைவெளியில் மாறும் பதிப்பொன்றை அளிக்கிறது. ஆக, வழி இருக்கிறது. ஆயிரம் கணினிகளைக் கொண்ட அலுவலகத்துக்குக் கிடைக்கும் நிம்மதி, ஒரே ஒரு கணினியை வைத்திருக்கும் பாட்டிக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

போதிய அவகாசம் கொடுத்துச் செய்யப்படும் மாற்றத்தை மக்கள் ஏற்றுக்கொள்கின்றனர் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் இணைய விளையாட்டுகளுக்கும் கற்றல் பயிற்சிகளுக்கும் ஃபிளாஷ் என்னும் மென்பொருளே அடிப்படையாக இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் மலிந்திருந்தன. அதனைக் கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017 ஜூலையில் அறிவித்து, 2020 டிசம்பர் 31ஆம் நாள் ஆதரவை நிறுத்தியது. மூன்று ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த அவகாசத்தில், மாற்று ஏற்பாடு செய்துகொள்ள ஆசிரியர்களுக்கும் தள உரிமையாளர்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இழப்பு ஏற்பட்டாலும், முன்னறிவிப்பு அதன் வலியைக் குறைத்தது.

அரசுகளும் இதில் கடமையாற்றத் தொடங்கியுள்ளன. இணையத்தோடு இணையும் கருவிகளை விற்பவர்கள், பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. சிங்கப்பூர் 2020இல் அறிமுகப்படுத்திய இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் அடிப்படை நிலையிலேயே, கருவிக்கு மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக உள்ளது. உணவுப் பொட்டலத்தின்மீது காலாவதி நாளை அச்சிடுவது எவ்வளவு இயல்பாகிவிட்டதோ, அதுபோலத் திறன்பேசிப் பெட்டியின்மீது ஆதரவு முடியும் ஆண்டை அச்சிடுவதும் இயல்பாக வேண்டும். அப்போதுதான் குறைந்த விலை என்று நம்பி வாங்கும் பெற்றோர், அந்தக் கருவி உண்மையில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைக் கணக்கிட முடியும்.

உரிமையைக் கேட்கும் பயனருக்குப் பொறுப்பும் உண்டு. பாதுகாப்புத் திருத்தத்தை நாள்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இரவு உணவு நேரத்திலோ உறங்கப் போகும் முன்போ புதுப்பிப்பை நிறுவினால், மறுநாள் பாடவேளையில் இடையூறு நேராது. விண்டோஸ் இயங்குதளத்தில் 2016 முதல் ‘பயன்பாட்டு நேரத்தை’க் குறிக்கும் வசதி உள்ளது, அந்நேரத்தில் கணினி தானாக மறுதொடக்கம் செய்வதை அது தவிர்க்கிறது. இதனைப் பலர் அறியாமலேயே இருக்கின்றனர். எழுதுவதை அவ்வப்போது சேமிக்கும் பழக்கமும் பல கண்ணீர்த் துளிகளைத் தடுக்கும். மேலும், ‘உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்தவும்’ என்று ஏதோ ஓர் இணையப் பக்கம் கூவினால், அதை நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் மோசக்காரர் விரித்த வலையாகவே இருக்கும். உண்மையான புதுப்பிப்பை உலாவியின் அமைப்புப் பகுதிக்குள் சென்றே சரிபார்க்க வேண்டும்.

இளையோருக்கு மற்றொரு கடமையும் இருக்கிறது. பல இல்லங்களில் கணினிக்கும் திறன்பேசிக்கும் மருத்துவர் அந்த வீட்டு மாணவரே. திரை மாறிவிட்டதே என்று தாத்தாவோ பாட்டியோ திகைத்து நிற்கும்போது, கருவியைப் பிடுங்கி நொடியில் சரிசெய்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது எளிது. அருகில் அமர்ந்து, மாறிய பொத்தான் எங்கே இருக்கிறது என்று இருமுறை காட்டித் தருவது சற்றுக் கடினம். ஆயினும், அதுவே உண்மையான உதவி; அடுத்த முறை அவர்கள் புதுப்பிப்பைக் கண்டு அஞ்சாமல் இருக்க அதுவே துணைபுரியும்.

பாதுகாப்பு என்பது நம்பிக்கையின்மீது எழுப்பப்படும் கட்டடம். புதுப்பிப்பு வந்தால் தன் வேலை கெடாது, தான் தேர்ந்தெடுத்தவை மாறாது, தன் கருவி முன்னறிவிப்பின்றி முடங்காது என்று பயனர் நம்பினால், எவரும் வற்புறுத்தாமலேயே அதனை ஏற்றுக்கொள்வார். அந்த நம்பிக்கையை விளம்பரத்தால் பெற முடியாது. பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியே தருவதாலும், மாற்றத்தை முன்கூட்டியே சொல்வதாலும், ‘வேண்டாம்’ என்னும் பொத்தானை மறைக்காமல் வைப்பதாலும் மட்டுமே பெற முடியும். அந்த மூன்றாவது பொத்தானைத் திரையில் வைக்க நிறுவனங்கள் தயங்கக் கூடாது.